துரு என்று எழுதிய இடம்

மகளிர் விடுதி, அறை 14
3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணா,

நீ என் எண்ணைத் தடுத்து வைத்திருப்பது ஒன்பதாவது நாள்தான் எனக்குத் தெரிந்தது. அதுவரை பட்டறையில் வேலை அதிகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவிடம் கேட்டேன். "அவன் போன்ல உன் பேர அமுக்கி வெச்சிட்டான்மா. நீ லெட்டர் போடு. லெட்டர அமுக்க முடியாது இல்ல?" என்றாள். அதனால்தான் இது.

நேரில் என்றால் நான் எதுவும் சொல்லியிருக்க மாட்டேன். அம்மன் கோயிலில் கூழ் ஊற்றிய அன்று, தெருவே நிற்கும்போது நீ கேட்டாய்: "ஏன் வேம்பு, படிக்க வெச்ச கையையே வெட்டினியே, நல்லா கீதா?" நான் கரண்டியோடு நின்றேன். சொல்ல வேண்டிய பதில் எனக்கு ரயில் விழுப்புரம் தாண்டிய பிறகுதான் வந்தது.

அந்தப் பதிலை இப்போது எழுதுகிறேன். உன் முதலாளி இஸ்மாயில் பாய்க்கு ஆர்டரைக் குறைத்து வந்த கடிதத்தோடு ஓர் அட்டவணை இருந்தது, அதன் அடியில் 'தயாரித்தவர்: ப. வேம்புலியம்மாள்' என்று இருந்தது. உண்மைதான். இந்த விண்வெளி மையத்தில் எனக்கு வேலை செலவு மதிப்பீட்டுப் பிரிவில். நீங்கள் பட்டறையில் 'புறா' என்று பெயர் வைத்திருக்கிறீர்களே, மேலே போய்த் திரும்பி வந்து, மறுபடியும் பறக்க வேண்டிய அந்த விண்கலம், அது ஒரு முறை பறக்க என்ன செலவாகும் என்று கணக்கிட்டது நான்தான். அதன் நான்கு கால்களுக்கும் மூன்று மூன்றாகக் கோர்க்கும் பன்னிரண்டு உலோகப் பின்களைக் கடைந்து கொடுத்தது நீ. பிப்ரவரியில் அது திரும்பி வந்து உன் பின்களின் மேல் ஊன்றி நின்றபோது, கட்டுப்பாட்டு அறைக்கு வெளியே நின்று கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி. இது என் அண்ணன் செய்தது என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

அம்மா ரயில் கழுவப் போகும் அண்ணனூர் ஷெட்டை நினைத்துக்கொள். ஒரு மின்சார ரயில் ஒரு நாளில் எத்தனை முறை போய் வருகிறது. அதனால்தான் பத்து ரூபாய் டிக்கெட்டில் பீச் வரைக்கும் போக முடிகிறது. அதே ரயிலை நான்கு மாதம் ஷெட்டில் நிறுத்திவைத்து, பிறகு ஒரே ஒரு நடை விட்டால்? ஷெட்டின் கரண்டு பில், காவலுக்கு நிற்பவர் சம்பளம், கழுவுகிற அம்மாவின் கூலி எல்லாம் அந்த ஒரு நடையின் தலையில் விழும். புறா ஒரு முறை பறந்து வந்தால் நான்கு மாதம் ஷெட்டில் கிடக்கும் என்று எங்கள் அறிக்கை சொல்கிறது. அப்படியானால் வருடத்துக்கு இரண்டு முறைதான். வருடச் செலவை இரண்டால் வகுத்தேன். தூக்கியெறியும் பழைய ராக்கெட்டைவிட அதிகமாக வந்தது. டெல்லிக் குழு அதைப் பார்த்துவிட்டு, மூன்று புறா வேண்டாம், ஒன்று போதும் என்று எழுதிவிட்டது. அடுத்து உங்களுக்கு வரவிருந்த நாற்பது பின் ஆர்டர் பன்னிரண்டானது அப்படித்தான்.

வெட்டியது நான் இல்லை. ஆனால் வகுத்தது நான். இதற்கு மேல் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை.

வேம்பு


முத்தாபுதுப்பேட்டை
10-8-25

வேம்பு,

அம்மா பக்கத்திலேயே நிற்கிறது. "எய்துடா நைனா. எய்தினாத்தான் மீன் கொயம்பு" என்கிறது. இந்தக் கடிதம் குழம்புக்காக. உனக்காக இல்லை.

ரயில் கதை படித்தேன். அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். "கரெக்டாத்தான் சொல்லுது புள்ள" என்றது. எனக்கு ஒரு சந்தேகம். உன் கதையில் ரயிலைக் கழுவுகிறவள் இருக்கிறாள், டிக்கெட் வாங்குகிறவன் இருக்கிறான். ரயில் ஓடாவிட்டால் வேலை போகிறவன் எங்கே?

அவனை நான் சொல்கிறேன். நாற்பது பின் வரும் என்று நம்பி பாய் கணினி சொல்கிறபடி கடையும் ஒரு சி.என்.சி. மெஷினை வாடகைக்கு எடுத்தார். மண்ணூர்பேட்டையில் எங்கள் சந்துக்குள் அதைக் கொண்டுவர பக்கத்து ஷெட்காரனின் சுவரை இடித்து, பிறகு கட்டிக் கொடுத்தோம். அதை ஓட்டக் கற்றுக்கொண்டது இரண்டு பேர், நானும் ஜஸ்டினும். பன்னிரண்டு பின்னுக்கு அந்த மெஷின் எதற்கு? அக்டோபர் 31-ஆம் தேதி லாரி வந்து தூக்கிக்கொண்டு போகும். பழைய லேத்துக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது. ஜஸ்டின் சொல்கிறான்: "மாமே, புறா பறக்கலன்னா நம்பதான் பறக்கணும்."

போன வாரம் சிறு பட்டறைச் சங்கத்தோடு மனு எடுத்துக்கொண்டு ஒரு கட்சிக்காரரைப் பார்க்கப் போனோம். பேரெல்லாம் வேண்டாம். பொறுமையாகத்தான் கேட்டார். கடைசியில், "இது எந்தத் தொகுதில வந்து எறங்கும்?" என்றார். கடலோரத்தில் இறங்கும் என்றார் பாய். "நம்ம அம்பத்தூர்ல எறங்கினா சொல்லுங்க பாய், கொடி புடிச்சிகினு நானே வரேன்" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நாலு மாசம் ஷெட்டில் வைத்து அப்படி என்ன செய்கிறார்கள்? மொட்டை அடித்துக் காது குத்துகிறார்களா?

குழம்பு ஆறுகிறது.

அருள்


அறை 14
17 ஆகஸ்ட்

அன்புள்ள அண்ணா,

உன் கேள்விக்குப் பதில் இருக்கிறது. அதை எழுதலாமா என்று நான்கு நாள் யோசித்தேன். உங்கள் பட்டறைக்கு அனுப்பிய இணைப்பிலேயே அது இருக்கிறது, யாரும் கடைசிப் பக்கம் வரை புரட்டுவதில்லை, அவ்வளவுதான். எனவே ரகசியம் எதையும் நான் சொல்லவில்லை.

புறா திரும்பி வந்ததும் கால்களைக் கழற்றினார்கள். பன்னிரண்டு பின்களில் ஐந்தில், முனையில் லேத்தில் பிடித்து நிறுத்தப் போடும் சென்டர் குழிக்குள், செம்பழுப்பாக ஒரு கறை இருந்தது. அறிக்கையில் 'துரு இருக்கலாம்' என்று எழுதினார்கள். 'இருக்கலாம்' என்பதை அடுத்த மேசை 'இருக்கிறது' என்று படித்தது. அதற்கடுத்த மேசை, துரு இருந்தால் ஒவ்வொரு முறையும் நான்கு கால்களையும் முழுதாகப் பிரித்து, எல்லாப் பின்னையும் மாற்றி, மறுபடி கோர்த்து, உயரத்திலிருந்து போட்டுச் சோதிக்க வேண்டும் என்றது. அந்த நான்கு மாதம் இதுதான்.

கறை என்ன என்று ஏன் சோதிக்கவில்லை என்று கேட்பாய். நானும் கேட்டேன் (மனதுக்குள்). அது மார்ச் மாதம். சோதனைக்கூடத்துக்கு அந்த வருடம் ஒதுக்கிய பணம் தீர்ந்திருந்தது. புதுப் பணம் ஏப்ரலில் வரும். ஆனால் அறிக்கை மார்ச் 31-க்குள் போகாவிட்டால் மொத்த ஒதுக்கீடே திரும்பிப் போய்விடும். துரு என்று எழுதினால் யாரும் திட்ட மாட்டார்கள். துரு இல்லை என்று எழுதி, பின்னால் கால் ஒடிந்தால் எழுதியவர் கதி அவ்வளவுதான். அறிக்கை போன பிறகு சோதனையை யாரும் நினைக்கவில்லை. சில ஆயிரம் ரூபாய்ச் சோதனை தள்ளிப்போனதால் எத்தனை கோடி கூடியது என்று எனக்குத்தான் தெரியும், நான்தானே கூட்டினேன்.

இது நமக்கு மட்டும் நடந்தது இல்லை. ஐம்பது வருடத்துக்கு முன் அமெரிக்காவில் திரும்பி வரும் விண்கலம் கட்டக் கேட்ட பணத்தில் ஏறக்குறைய பாதிதான் கொடுத்தார்கள். பாதிப் பணத்துக்கு ஏற்றபடி வடிவத்தை மாற்றினார்கள். வாரம் ஒரு முறை பறக்கும் என்று சொல்லித்தான் ஒப்புதல் வாங்கினார்கள். நன்றாக ஓடிய வருடத்திலேயே ஒன்பது முறைதான் பறந்தது. ஒவ்வொரு முறை வந்ததும் ஆயிரக்கணக்கான ஓடுகளைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. கட்டும்போது மிச்சம் பிடித்ததைப் பறக்கும்போதெல்லாம் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். இதெல்லாம் எங்கள் நூலகத்தில் படித்தது.

இன்னொன்று. புறாவின் இறக்கை ஒரு மாநிலம், பாராசூட் ஒரு மாநிலம், கால் நம் ஊர். பாகத்தை மாற்றச் சொன்னால் எந்தத் தொகுதிக்கும் வருத்தமில்லை, எல்லாருக்கும் வேலை. மாற்ற வேண்டாம் என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

கறை இருந்த பின்களின் எண்கள் 1, 2, 3, 4, 5. மற்ற ஏழில் ஒன்றிலும் இல்லை. அதே உலோகம், அதே கை. முதல் ஐந்துக்கு மட்டும் என்ன ஆனது அண்ணா?

வேம்பு


முத்தாபுதுப்பேட்டை
24-8-25

வேம்பு,

என் பின்னில் துருவா? அந்த உலோகத்தைக் கடலில் ஒரு மாதம் ஊறப் போட்டாலும் துரு வராது. எழுதினவன் வாழ்க்கையில் ஒரு பின்னையாவது கையில் பிடித்திருப்பானா? தலைமுடியைப் பத்தாகப் பிளந்தால் வரும் தடிமன்தான் அதில் விடுகிற பிசகு. ஒவ்வொன்றையும் குழந்தை மாதிரிப் பஞ்சில் சுற்றி அனுப்பினேன்.

ஜஸ்டினிடம் சொன்னேன். சிரித்துக்கொண்டே இருந்தவன் சட்டென்று நிறுத்திவிட்டான்.

முதல் ஐந்தும் போன வருஷம் ஆயுதபூஜைக்கு முந்தின நாள் முடிந்தவை. மற்ற ஏழும் தீபாவளி கழித்து. வேறு வித்தியாசம் எதுவும் இல்லை.

இதை இனிமேல் கேட்காதே.

அருள்


அறை 14
2 செப்டம்பர்

அண்ணா,

கேட்கவில்லை. நானே சொல்கிறேன்.

போன வருடம் ஆயுதபூஜைக்கு நானும் பட்டறைக்கு வந்திருந்தேன். இங்கே சேர இன்னும் ஒரு மாதம் இருந்தது. பொரியும் பூசணிக்காயும் பாய் வாங்கி வைத்திருந்தார், வருடா வருடம் வாங்குவது போல. அம்மா வீட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்து இடித்த குங்குமத்தைச் சம்படத்தில் கொண்டுவந்தவள் நான். மெஷினுக்கு, லேத்துக்கு, ஸ்பேனருக்கு, பாயின் ஸ்கூட்டருக்கு எல்லாம் நீ பொட்டு வைத்தாய். மேசையில் வாழையிலைமேல் ஐந்து பின் வரிசையாக இருந்தன. அவற்றுக்கும் வைக்கப் போனாய். அப்போது ஜஸ்டின் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: "மேல வெக்காத மாமே, பாய் தொடச்சிடுவாரு. குயிக்குள்ள வெய். சாமி பத்திரமா மேல போவட்டும்."

நான்தான் சம்படத்தை நீட்டிக்கொண்டு நின்றேன். சிரித்தேன்கூட. மறுநாள் பாய் மேலெல்லாம் துடைத்து, குழியில் கிரீஸ் வைத்து மூடியைப் போட்டிருப்பார்.

நிவேதிதா என்று ஒரு தோழி, சோதனைக்கூடத்தில் இருக்கிறாள். அந்தக் கறையைப் பஞ்சில் ஒற்றி எடுத்த ஐந்து குப்பிகளும் அவள் பொறுப்பில்தான் இருக்கின்றன. கூடவே 'மிச்சம்' என்று எழுதிய ஆறாவது குப்பி ஒன்றும். நான் தயங்கித் தயங்கிச் சொன்னதும், "முறைப்படி சோதிக்க மூணு மாசம் வரிசை இருக்கு. எலுமிச்சம்பழத்துக்கு எந்த ஒப்புதலும் வேண்டாம்" என்று கேண்டீனுக்கு நடந்தாள். மிச்சப் பஞ்சில் ஒரு நுனியை வெட்டி ஒரு சொட்டு விட்டோம். செம்பழுப்பு மஞ்சளாகிவிட்டது. பளிச்சென்று மஞ்சள். கேண்டீன் முனியம்மாவின் வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பு வாங்கித் தடவினாள். மறுபடி சிவந்தது. துரு அப்படி நிறம் மாறி மாறி ஆடாது அண்ணா. நம் அம்மா இடித்த குங்குமம்தான் ஆடும்.

நிவேதிதா குதித்தாள். நான் அழுதேன்.

ஆனால் எலுமிச்சம்பழத்தை அறிக்கையில் எழுத முடியாது. முறையான சோதனையை உடனே செய்ய ஒரு காரணம் வேண்டும். பின் செய்த பட்டறையே எழுதிக் கொடுத்தால் அதுதான் காரணம். இருபத்து மூன்றாம் தேதி எங்கள் ஆய்வுக் கூட்டம். டெல்லிக்குத் திருத்திய மதிப்பீடு அதற்குப் பிறகுதான் போகும். எழுதித் தருவாயா?

வேம்பு


7-9-25

வேம்பு,

மாட்டேன்.

விண்வெளிக்குப் போகிற பாகத்தில் அன்னியப் பொருள் வைத்தேன் என்று என் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமா? பட்டறையைக் கறுப்புப் பட்டியலில் போட்டுவிட்டால் பாய் என்ன செய்வார்? அறுபது வயது அவருக்கு. துரு என்றே இருக்கட்டும். ஒவ்வொரு தடவையும் பன்னிரண்டு புதுப் பின் வேண்டும் என்றுதானே உன் அட்டவணை சொல்கிறது? எனக்கு அது லாபம்தான். நீயே வகுத்துப் பார்.

அருள்


அறை 14
11 செப்டம்பர்

அண்ணா,

வகுத்துப் பார்த்தேன். வருடத்துக்கு இரண்டு முறை பறந்தால் இருபத்து நான்கு பின். அதற்கு அந்த மெஷின் தேவையில்லை, அக்டோபரில் அது போய்விடும். இரண்டாம் வருடம், இவ்வளவு செலவா என்று கேள்வி வரும். மூன்றாம் வருடம் பின்னே இல்லை.

உன் பெயரை நீ சொல்லாமல் நான் சொல்ல மாட்டேன். ஆனால் துரு என்ற சொல்லை வைத்து இன்னொரு முறை பெருக்கவும் எனக்குக் கை வரவில்லை. கூட்டத்தில் 'எனக்குச் சந்தேகம் இருக்கிறது' என்று மட்டுமாவது சொல்வேன். என்ன சந்தேகம் என்று கேட்டால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. இங்கே சேர்ந்ததிலிருந்து ஒரு கூட்டத்திலும் நான் வாய் திறந்ததில்லை.

பட்டறையைப் பற்றி நீ சொன்னதும் சரிதான். பயமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

வேம்பு


மண்ணூர்பேட்டை
16-9-25

வேம்பு,

உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் சுற்றினேன். நேற்று மெஷினைத் துடைக்கும்போது கீழே விழுந்துவிட்டது. பாய் எடுத்தார். அடுத்தவர் கடிதத்தைப் படிக்கிற ஆள் இல்லை அவர், நீட்டினார். வாங்கும்போது என் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"இன்னா அருளு, ஊட்ல எதுனா பிரச்சனையா?"

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். மனுஷன் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.  பிறகு, "மூடி போட்டது யாரு?" என்றார்.

"நீங்கதான் பாய்."

"மூடறதுக்கு முன்னால குயிய பாத்து தொடச்சி அனுப்பணும்னு டிராயிங்ல போட்டுகீதா இல்லியா?"

"போட்டுகீது."

"நான் பாத்தனா?"

நான் மறுபடி துணியை எடுத்து மெஷினைத் துடைத்தேன்.

"பொட்டு வெச்சது நீ. பாக்காம மூடினது நான். நீ மட்டும் எய்தினா அது பொய்யி. ரெண்டு பேரும் எய்துவோம்." ஜஸ்டின் அந்தப் பக்கமிருந்து, "குயிக்குள்ள வெக்கச் சொன்னது நானு, என்ன உட்டுட்டீங்களே பாய்" என்று கத்தினான். "உன் பேரப் போட்டா லெட்டர் எடை ஏறிடும், சும்மா இரு" என்றார்.

கறுப்புப் பட்டியல் பற்றிக் கேட்டேன். "போட்டா போடட்டும். ஆனா என் கடை சாமான் துரு புடிக்கும்னு ஊர் நெனைக்குது பாரு, அதத்தான் என்னால தாங்க முடியல."

இதோடு அந்தக் கடிதம் இருக்கிறது. லெட்டர்பேடில், சீல் வைத்து, இரண்டு கையெழுத்து. கீழே பாய் சொன்னபடி ஒன்று சேர்த்திருக்கிறேன்: பறந்து வந்த பின்களை எங்களிடம் அனுப்பினால் நாங்களே அளந்து சொல்கிறோம். எந்த இடம் தேயும் என்று கடைந்தவனுக்குத்தான் முதலில் தெரியும். மாற்ற வேண்டாம் என்று சொல்ல ஆள் இல்லை என்று எழுதியிருந்தாயே. நாங்கள் சொல்கிறோம்.

அன்றைக்குக் கூழ் ஊற்றிய இடத்தில் நான் பேசியது தப்பு. ஜனங்கள் முன்னால் பேசியது அதைவிடத் தப்பு. இதைச் சொல்ல அம்மா குழம்பு எதுவும் காட்டவில்லை, நானாகத்தான் எழுதுகிறேன்.

இருபத்து மூன்றாம் தேதி பேசு.

அருள்


அறை 14
26 செப்டம்பர்

அன்புள்ள அண்ணா,

பேசினேன்.

மேசையைச் சுற்றிப் பதினொரு பேர். என் அட்டவணைப் பக்கம் நடுப்பகல் பன்னிரண்டு மணிக்கு வந்தது. எங்கள் பிரிவுத் தலைவர் திருமுருகன் சார், "அட்டவணையில் மாற்றம் எதுவும் இல்லையே?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுத்த தாளைப் புரட்டினார். நான் எழுந்தேன். என் நாற்காலி பின்னால் விழுந்துவிட்டது. அந்தச் சத்தத்தில் எல்லாரும் திரும்பியதால் பேசியே ஆக வேண்டியதாயிற்று.

முதல் வாக்கியமாக, "பின் செய்த அருள் என் அண்ணன்" என்றேன். அதைக் கடைசியில் சொன்னால் மறைத்ததாக ஆகிவிடும் என்று தோன்றியது. இரண்டாவது, "அந்தக் குங்குமத்தைக் கொண்டுபோனது நான்." பிறகு உங்கள் கடிதத்தைப் படித்தேன். யாரோ ஒருவர் சிரித்தார். திருமுருகன் சார் சிரிக்கவில்லை. "இதை முன்பே ஏன் சொல்லவில்லை?" என்றார். "முன்பு எங்களுக்கும் தெரியாது சார். துரு என்று எழுதியிருந்ததை நாங்களும் நம்பிவிட்டோம்" என்றேன். அப்படியும் அவர் முகம் மாறவில்லை. ஆனால் சோதனைத் தாளை அங்கேயே வரவழைத்துக் கையெழுத்துப் போட்டார்.

நேற்று மாலை முடிவு வந்தது. ஐந்திலும் மஞ்சள், சுண்ணாம்பு. துரு எதிலும் இல்லை. குழிக்குள் உலோகம் கடைந்த அன்று போலவே இருக்கிறதாம். இனிக் கால்களைப் பிரிக்க வேண்டாம். அளந்து பார்த்து, சரியென்றால் அப்படியே பறக்கலாம். நான்கு மாதம் என்பது ஐந்து வாரமாகக் குறைகிறது.

நல்ல சேதியை முழுதாகச் சொல்லி உன்னை ஏமாற்றக் கூடாது. டெல்லியிலிருந்து ஒரு ரூபாய்கூட அதிகம் வராது. இரண்டாவது, மூன்றாவது புறாவைப் பிப்ரவரி பட்ஜெட்டுக்குத்தான் மறுபடி கேட்க முடியும். தேர்தல் வருடம் வேறு, கிடைக்குமா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் இரண்டு முறைக்கு ஒதுக்கிய அதே பணத்தில் ஒரே புறா நான்கு முறை பறக்கும். நேற்று நான்கால் வகுத்தேன். அண்ணா, வந்த எண் பழைய ராக்கெட்டைவிடக் குறைவு. மூன்று முறை சரிபார்த்தேன்.

உங்களுக்குப் பன்னிரண்டோடு உபரியாக எட்டுப் பின். திரும்பி வரும் பின்களை அளக்கும் வேலையும் உங்களுக்கே. மெஷின் வாடகைக்கு மார்ச் வரை இது போதும் என்று பாய் சொன்னதாக அம்மா சொன்னாள். கூடவே பட்டறைக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வரும். மூன்று மாதம் ஒவ்வொரு பின்னையும் எங்கள் ஆள் வந்து பார்த்த பிறகுதான் மூட வேண்டும். எனக்கும் ஒரு குறிப்பாணை வந்திருக்கிறது, இனி உங்கள் பட்டறைக் கோப்பு எதையும் நான் தொடக் கூடாது. நியாயம்தான். ஒட்டி வைத்திருக்கிறேன், என் மேசைக்கு எதிரிலேயே.

வேம்பு


மண்ணூர்பேட்டை
12-10-25

வேம்பு,

எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பாய் அதை லேமினேட் செய்து மெஷினுக்கு மேல் மாட்டிவிட்டார். ஆயுதபூஜை அன்று ஜஸ்டின் அதற்கும் ஒரு பொட்டு வைத்தான். பின் எல்லாம் பெட்டிக்குள் பூட்டி, சாவி உங்கள் ஆள் கையில். அவர் பொரி சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

வெள்ளிக்கிழமை மரப்பெட்டி வந்தது. பிரித்தால் மூன்றாம் எண் பின். என் கையெழுத்தில் பொறித்த அதே மூன்று. எத்தனையோ சாமான் செய்து அனுப்பியிருக்கிறேன் வேம்பு. அனுப்பினதில் ஒன்றும் திரும்பி வந்ததில்லை, பழுது என்று வந்ததைத் தவிர. இது வேலை செய்துவிட்டு வந்திருக்கிறது. கையுறை போட்டுக்கொண்டு அளந்தேன். இரண்டு மைக்ரான் தேய்ந்திருக்கிறது, நான் நினைத்த இடத்தில்தான். இன்னும் இருபது தடவை போகும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுதும்போது, இருபது புதுப் பின்னை இழந்தோமே என்று ஜஸ்டின் முணுமுணுத்தான். "பறக்காத புறாவுக்கு ஒரு பின்னும் வேணாம்டா" என்றேன். அவனுக்கும் தெரியும்.

அம்மா அண்ணனூரில் ஷிப்ட் முடிந்து வந்தது. தொடக் கூடாது என்று சொன்னதால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தது. "இத்தினூண்டா? இதுவா மேல போயிட்டு வந்துச்சி?" என்றது. சுற்றிச் சுற்றிப் பார்த்தது. பிறகு கேட்டது: "யாரு கயுவினது? நல்லா கயுவிகீறாங்க."

உன் எண்ணைத் திறந்துவிட்டேன். ஆனாலும் எழுது. போனில் நீ 'ம், ம்' என்பாய், ஒன்றும் விளங்காது.

தீபாவளிக்கு வா. பத்தொன்பதாம் தேதி ஆவடி ஸ்டேஷனில் பைக்கோடு நிற்பேன். லீவு போட்டால் வேலை என்னாகும் என்று பயப்படாதே. உன்னை நாலு மாசம் ஷெட்டில் நிறுத்திவைக்க மாட்டோம். ஐந்தே நாள். மீன் குழம்பு ஊற்றித் திருப்பி அனுப்பிவிடுகிறோம்.

அருள்